கூட்டாகப் போவோம், கணக்கோடு போவோம்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம் வியாபாரிகள் பலருக்கு நினைவுக்கு வருவது, கம்பெனிகள் அறிவிக்கும் 'டார்கெட்' பயணம்தான். இத்தனை லட்சத்துக்குச் சரக்கு எடுத்தால் பாங்காக், அதற்கு மேல் எடுத்தால் துபாய் என்பார்கள். நாமும் இலவசம்தானே என்று தலையாட்டிவிடுகிறோம்.

அது இலவசமா என்று கணக்குப் பார்ப்போம். டார்கெட்டை எட்டுவதற்காக 5 லட்ச ரூபாய்ச் சரக்கைக் கூடுதலாக எடுத்து, அது மூன்று மாதம் குடோனில் தேங்கினால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 15,000 ரூபாய் போய்விடும். எக்ஸ்பைரி நெருங்கிய சரக்கைத் தள்ளிவிடும் நஷ்டம் தனி. இது போதாதென்று 2022 ஜூலை 1 முதல், ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய சலுகைகளுக்கு 10 சதவீதம் வரிப் பிடித்தமும் உண்டு. பயணத்தின் மதிப்பு நம் வருமானத்தில் சேரும். திரும்பி வரும்போது கையில் இருப்பது நாலு போட்டோவும் ஒரு சென்ட் பாட்டிலும்தான்.

இதனால் வெளிநாடே போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் காசில், நம் வேலைக்காக, சங்கத்தின் மூலம் குழுவாகப் போக வேண்டும் என்பதே நமது கருத்து.

பருப்பு, மசாலா, பேரீச்சை வாங்கி விற்பவருக்குத் துபாயில் ஆண்டுதோறும் நடக்கும் 'கல்ஃபுட்' உணவுக் கண்காட்சி இருக்கிறது. பேக்கிங் மெஷின், சமையலறைச் சாமான் தேடுவோருக்குச் சீனாவின் குவாங்சௌ நகரில் 1957 முதல் நடக்கும் கான்டன் கண்காட்சி. இது வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலுமாக ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று கட்டமாக நடக்கிறது. மெஷின் முதல் கட்டத்தில், சமையலறைச் சாமான் இரண்டாம் கட்டத்தில், உணவுப் பொருள் மூன்றாம் கட்டத்தில். இது தெரியாமல் தனியாகக் கிளம்புகிறவர் தமக்கு வேண்டிய சரக்கைப் பார்க்காமலே திரும்ப நேரும்.

குழுவாகப் போவதில் முதல் லாபம் சரக்கில். இருபது அடி கண்டெய்னரில் சுமார் 28 கன மீட்டர் சரக்கு ஏற்றலாம். ஒரு மளிகைக் கடைக்கு அவ்வளவு எதற்கு? 4 கன மீட்டர் வீதம் ஏழு கடைகள் சேர்ந்தால் கண்டெய்னர் நிறைந்துவிடும். தனியாளிடம் பேச மறுக்கும் தொழிற்சாலைக்காரர், ஏழு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் விலையை இறக்கிப் பேசுவார்.

இரண்டாவது, செலவு. பத்துப் பேருக்கு மேல் என்றால் விமானக் கம்பெனிகள் குழுக் கட்டணம் தருகின்றன. அது எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது; ஆனால் பேசிய கட்டணம் நாளுக்கு நாள் ஏறாது. மொழிபெயர்ப்பாளர், வேன், அறை எல்லாம் பங்காகிவிடும். அன்னிய ஊரில் காய்ச்சல் வந்தாலும் பாஸ்போர்ட் தொலைந்தாலும் பக்கத்தில் ஆள் இருக்கும்.

"போட்டிக் கடைக்காரனோடு போய் என் தொழில் ரகசியத்தைக் காட்டுவதா?" என்று சில அன்பர்கள் கேட்கலாம். சுமத்திராத் தீவில் பாருஸ் அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற வணிகர் குழுவைப் பேசுகிறது. அவர்களுக்குள்ளும் போட்டி இருந்திருக்காதா? கடல் கடந்த இடத்தில் அவர்கள் ஒரே குழுவாகத்தான் நின்றார்கள். நமக்கு இன்று சவால் பக்கத்துத் தெரு அண்ணாச்சி அல்ல. பத்து நிமிடத்தில் வீட்டுக்கே பொருள் கொண்டு போகும் பெரிய முதலாளிகள்.

ஆனால் ஒழுங்கு வேண்டும். குழுவில் இருபது பேருக்கு மேல் வேண்டாம். கணக்குக்கு ஒருவர் பொறுப்பு. பணம் வங்கி வழியாகவே போகட்டும்; டூர் கட்டணத்தில் பிடிக்கும் டி.சி.எஸ். வரியைக் கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். சரக்கைப் பார்த்த இடத்திலேயே முன்பணம் கொடுக்க வேண்டாம். இறக்குமதிக்கு ஐ.இ.சி. எண் வேண்டும், உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் வேண்டும், பொம்மைக்கு 2021 முதல் பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயம். ஊர் திரும்பி, ஆடிட்டரிடம் கேட்டு, பிறகு ஆர்டர் கொடுப்பதே புத்தி.

இன்னொன்று. நாளை கல்லாவில் உட்காரப் போகும் மகனையோ மகளையோ அனுப்புங்கள். படித்த பிள்ளைகள் மளிகைக் கடையைச் சின்னத் தொழில் என்று நினைத்து விலகிப் போகும் காலம் இது. இதே பருப்பும் மிளகாயும் உலகச் சந்தையில் எப்படிக் கைமாறுகிறது என்று ஒருமுறை நேரில் பார்த்தால் அந்த எண்ணம் மாறும்.

அடுத்த செயற்குழுவில் சங்க நிர்வாகிகள் இதைப் பொருளாக வைத்துப் பெயர்ப் பட்டியல் எடுக்க வேண்டுகிறோம். போய்வந்தவர்கள் பார்த்த விலையையும் பட்ட சிரமத்தையும் பொதுக்கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைக்கலாம்.