கருவியா? காரியமா?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நம் ஒவ்வொருவர் பையிலும் புதுநோட்டுகள் மணக்கும். பழுப்புத் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, தத்தம் வழக்கப்படி சிலுவையோ பிள்ளையார் சுழியோ இட்டு, முதல் பக்கத்தை முத்து முத்தாக எழுதுவோம். ஜூலை முடிவதற்குள் எழுத்து சாயத் தொடங்கும். அடித்தலும் திருத்தலும் பெருகும். அப்போது மனம் மெல்லச் சொல்லும்: "இந்த நோட்டு சரியில்லை, புதிதாக ஒன்று வாங்கினால் அழகாக எழுதலாம்."

இந்தச் சிறு சபலம் இன்று வளர்ந்து பெரியவர்களையும் சிறியவர்களையும் ஒருங்கே ஆட்டிவைக்கிறது. அந்நாளில் மாற்றுவதற்கு நோட்டும் பேனாவும்தான் இருந்தன. இன்றோ கைப்பேசி, டேப்லெட், மடிக்கணினி, அவற்றுக்குள் எண்ணற்ற செயலிகள்! குறிப்பெழுதுவதற்கு என்றே 2008இல் எவர்நோட் வந்தது. 2016இல் நோஷன் வந்தது. 2020இல் அப்சிடியன் வந்தது. இன்னும் எத்தனையோ வந்தன, வருகின்றன. ஒவ்வொன்றும் வரும்போது, "இதுதான் நாம் தேடியது" என்று ஓடுபவர்கள் பலர். இந்த ஓட்டத்தைப் பற்றிச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நம் கடமை அன்றோ?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நம் வயதுடைய பெண் ஒருத்தி பறவைகளைக் கவனிப்பதைப் பொழுதுபோக்காகக் கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பொழுதுபோக்கு, செலவும் அதிகமில்லை. முதல் வாரம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மைனா, செண்பகம், தையல்சிட்டு என்று நாளும் நேரமும் இடமும் குறித்து எழுதுகிறாள். இரண்டாம் வாரம் யாரோ ஒருவர், "கைப்பேசியில் எழுதினால் தேடி எடுக்க வசதியாயிற்றே" என்கிறார். உடனே ஒரு செயலி இறங்குகிறது. அதில் தலைப்புகளை நிறம் பிரித்து அடுக்க ஒரு ஞாயிறு போகிறது. மறுமாதம் வேறொரு செயலி படங்களை இன்னும் அழகாகக் காட்டும் என்று தெரியவருகிறது. பழையவற்றை அதற்கு மாற்ற இரண்டு ஞாயிறுகள். பிறகு, கையால் எழுதினால்தான் மனத்தில் நிற்கும் என்று எங்கோ கேள்விப்பட்டு, கெட்டி அட்டை போட்ட விலையுயர்ந்த நோட்டு ஒன்று வாங்கப்படுகிறது. அதற்கும் பின், திரையிலேயே எழுதும் பேனாவுடன் கூடிய டேப்லெட்டுக்காகத் தந்தையாரிடம் விண்ணப்பம் போகிறது. ஆண்டு முடிகிறது. கருவிகள் ஐந்து, கண்ட பறவைகள் எத்தனை? வேப்பமரத்தில் செண்பகம் குரல் கொடுத்த காலையில் அவள் தலை குனிந்து செயலியின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தாள்!

பறவைக்குப் பதிலாகப் புகைப்படம், ஓவியம், இசை, தையல், தோட்டம் என்று எதை வைத்தாலும் கதை இதுதான். இப்படி மாறி மாறித் தாவும்படி நம்மைத் தூண்டுவது எது?

புதிய கருவியிடம் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அது நம்மைக் குறை சொல்லாது. அதில் விடுபட்ட நாள் இல்லை. அடித்த வரி இல்லை. பழைய நோட்டோ அப்படியன்று. மார்ச் மாதம் முழுவதும் நாம் ஒன்றும் எழுதவில்லை என்பதை அது மறைக்காமல் காட்டுகிறது. அது ஒரு சாட்சி. அந்தச் சாட்சியின் முகத்தைப் பார்க்க மனமில்லாமல்தான் பல வேளைகளில் நாம் புதியதை நாடுகிறோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! கூடத்தை மாற்றலாம், ஆனால் ஆட்டம் அங்கேயும் நம்மோடுதானே வரும்?

இன்னொன்றும் உண்டு. கருவியை ஒழுங்குபடுத்தும்போது வேலை செய்வது போன்ற நிறைவு கிடைத்துவிடுகிறது. அடுக்கினோம், பெயரிட்டோம், நிறம் தீட்டினோம், உடம்பும் களைத்தது. ஆனால் அடுப்பு மூட்டாமல் பாத்திரத்தை மட்டும் நாள் முழுவதும் தேய்த்தால் மாலையில் யாருக்குப் பசி ஆறும்? இத்துடன் விற்பவர்களின் ஆசைவார்த்தையும் சேர்கிறது. நாம் பழையதிலேயே மனநிறைவோடு இருந்தால் அவர்களுக்கு வியாபாரம் ஏது? ஆகவே நம் மேசை போதாது, நம் பேனா போதாது, நம் முறை போதாது என்று நமக்கு நாள்தோறும் நினைவூட்டப்படுகிறது.

"மாற்றிவிட்டுப் போகட்டுமே, இதில் என்ன நட்டம்?" என்று சிலர் கேட்கலாம். நட்டம் உண்டு. அது பணத்தினும் பெரியது. தொடர்ச்சி அறுந்துபோவதே அந்த நட்டம்.

குளிர்காலத்துக்கு நம் பக்கம் வலசை வரும் வாலாட்டிக் குருவி இந்த ஆண்டு முதன்முதலாக எந்த நாளில் கண்ணில் பட்டது என்று எழுதுவது சிறிய காரியம். ஓர் ஆண்டின் குறிப்பால் ஒன்றும் விளங்காது. பத்து ஆண்டுகள் அதே இடத்தில், அதே முறையில் எழுதினால் அது அறிவாக மாறுகிறது. அந்தப் பத்து ஆண்டும் ஐந்து செயலிகளிலும் மூன்று நோட்டுகளிலும் பழுதடைந்த ஒரு கைப்பேசியிலும் சிதறிக் கிடந்தால் அது வெறும் துணுக்குகளே.

இதை வெறும் உபதேசமாக எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736ஆம் ஆண்டு முதல் வசந்தம் வரும் அடையாளங்களைக் குறித்து வந்தார். முதல் பூ எப்போது பூத்தது, எந்த மரம் எப்போது இலை விட்டது, குயில் முதலில் எப்போது கூவியது என்பன போன்ற 27 அடையாளங்கள். அவர் 1797இல் மறைந்தார். அவர் குடும்பத்தார் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. இடையே சில ஆண்டுகள் விடுபட்டாலும், 1958 வரை தலைமுறை தலைமுறையாக அதே அடையாளங்களைக் குறித்து வந்தார்கள். பருவநிலை மாற்றத்தை ஆராயும் விஞ்ஞானிகள் இன்று அதைப் பொக்கிஷமாகப் போற்றுகிறார்கள். அதற்குத் தேவைப்பட்ட கருவிகள் எழுதுகோலும் தாளும்தாம்.

கடல் கடந்து அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் இருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு என்ற ஊரில் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1850களில் காட்டுச் செடிகள் பூக்கும் நாட்களைக் குறித்து வைத்தார். அவருடைய குடும்பத் தொழிலே பென்சில் செய்வது. பென்சில் செய்யும் முறையைச் சீர்திருத்தியவர் அவர். கருவியின் நுணுக்கம் அறிந்தவர்தாம். ஆனாலும் காட்டுக்குப் போனபோது அவர் கண் பென்சிலின்மேல் இல்லை, பூவின்மேல் இருந்தது. ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ச்சியாளர்கள் அதே ஊரில் அதே செடிகளைக் கவனித்து, அவருடைய குறிப்போடு ஒப்பிட்டார்கள். பல செடிகள் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகவே பூக்கின்றன என்று 2008இல் வெளியிட்டார்கள். பூமி வெப்பமடைவதற்கு ஒரு மனிதரின் குறிப்பும் சான்றாயிற்று!

குறிப்பெழுதும் முறைக்கே புகழ்பெற்றவர் ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் நிக்லாஸ் லூமான். 1998இல் அவர் மறைந்தபோது விட்டுச்சென்ற குறிப்புச் சீட்டுகள் ஏறத்தாழ 90,000. சாதாரணத் தாள் சீட்டுகள், அவற்றை வைக்க மரப்பெட்டிகள், அவ்வளவே. பல்லாண்டுகள் அதே பெட்டிகளோடு இருந்து நூல் நூலாக எழுதிக் குவித்தார். இன்று அவர் முறையைக் கையாள எந்தச் செயலி சிறந்தது என்று தேடித் தேடி மாதக்கணக்கில் செயலி மாற்றுபவர்கள் இருக்கிறார்கள்! அவரிடமிருந்து கற்க வேண்டியது பெட்டியை அன்று, பெட்டியை மாற்றாத பொறுமையை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்போம். அம்மாவின் கோல நோட்டு ஒன்று இருக்கும். மணமாகும் முன் போட்ட புள்ளிக் கோலத்திலிருந்து சென்ற மார்கழியில் போட்டது வரை அதில் உண்டு. எண்ணெய்க் கறை பட்டிருக்கும்; ஓரம் மடிந்திருக்கும். ஆனால் நினைத்தபோது நினைத்த கோலம் கிடைக்கும். அதைவிடச் சிறந்த செயலி எது?

செயலிகளை நம்புவோர் மறக்கக்கூடாத உண்மை ஒன்று உண்டு. அவை நமக்குச் சொந்தமல்ல. பலர் தம் அன்றாடக் கடமைகளைப் பட்டியலிட்டு வந்த வண்டர்லிஸ்ட் என்ற செயலி 2020ஆம் ஆண்டு மே மாதம் மூடப்பட்டது. எவர்நோட் நிறுவனம் 2023 டிசம்பரில் இலவசமாகப் பயன்படுத்துவோருக்கு 50 குறிப்புகளே என்று வரம்பு விதித்தது. நிறுவனம் தன் கணக்கைப் பார்த்து முடிவு செய்கிறது. நம் பத்தாண்டு உழைப்பு அதன் கணக்கில் வராது.

அப்படியானால் எதையும் மாற்றவே கூடாதா? மாற்றலாம். காரியம் கேட்டால் கட்டாயம் மாற்ற வேண்டும். சார்லஸ் டார்வின் முதலில் தம் கருத்துகளைக் குறிப்பேடுகளில் எழுதினார். செய்திகள் பெருகப் பெருக, தனித்தாள்களில் எழுதித் தலைப்பு வாரியாகக் கோப்புகளில் சேர்க்கலானார். அந்த மாற்றத்தை ஆசை கேட்கவில்லை, வேலை கேட்டது. அதுபோல், பார்வை குன்றிய தோழி ஒருத்திக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திரையும், படித்துக் காட்டும் செயலியும் வரப்பிரசாதம். எழுத்துக் கோவை வராமல் திணறும் பிள்ளைக்குக் கணினி உற்ற துணை. இவற்றை ஆடம்பரம் என்று சொல்லுவோர் கல் நெஞ்சினர்.

இன்னொரு சாராரையும் மறக்க வேண்டாம். பேனாக்களைச் சேர்ப்பதிலும் புதிய செயலிகளைச் சோதிப்பதிலும் உண்மையாகவே மகிழ்ச்சி காண்பவர்கள் உண்டு. தபால்தலை சேர்ப்பதைவிட அது தாழ்ந்ததன்று. அவர்கள் அதையே தங்கள் பொழுதுபோக்கு என்று சொல்லட்டும், நாமும் ரசிப்போம். பேனா சேர்ப்பதைக் கவிதை எழுதுவதாகவும், கேமரா வாங்குவதைப் படம் எடுப்பதாகவும் எண்ணி மயங்குவதே ஆபத்து.

பெற்றோருக்கும் பணிவோடு ஒரு சொல். மகள் ஒரு கலையில் ஆர்வம் காட்டினால் உடனே உயர்ந்த கருவி வாங்கிக் கொடுப்பது அன்பின் அடையாளம்தான். ஆனால் மாதத் தவணை கட்டும் தந்தையின் முகத்தைப் பார்த்தபின் அந்த மகளால் மகிழ்ச்சியாக வரைய முடியுமா? பொழுதுபோக்கு என்பது மாறி, வாங்கிக் கொடுத்ததற்குப் பதில் சொல்ல வேண்டிய கடனாகிவிடுகிறது. கருவிக்கு முன் நேரத்தைக் கொடுங்கள். ஒரு மாலை அவளோடு குளக்கரைக்கு நடந்துபோய் நீங்களும் மீன்கொத்தியைப் பாருங்கள். அந்தப் பரிசு என்றும் பழையதாகாது.

தோழியரே, புதிய கருவி ஒன்று நம்மை அழைக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். பழைய கருவியால் முடியாமற்போன காரியம் எது என்று நம்மால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? இதுவரை எழுதியதெல்லாம் குறையாமல் புதியதற்கு வருமா, நாளை அதிலிருந்து திரும்ப எடுக்கவும் முடியுமா? பழையதன் கடைசிப் பக்கம் வரை நாம் போயிருக்கிறோமா? மூன்றுக்கும் தயங்காமல் 'ஆம்' என்றால் மாற்றுவோம். இல்லையெனில் இருப்பதைக் கொண்டே தொடர்வோம். விடுபட்ட நாட்களைக் கண்டு வெட்கப்பட வேண்டாம். விடுபட்ட இடத்துக்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு எழுதினால், அறுந்த நூல் அங்கேயே முடிச்சிடப்படுகிறது.

அடிக்கடி பிடுங்கி நட்ட செடி வேர் பிடிப்பதில்லை. நிலம் சுமாராக இருந்தாலும் ஓரிடத்தில் நின்ற செடி மெல்ல மெல்லத் தழைக்கிறது. நம் ஆர்வங்களும் அப்படித்தான். கருவிகள் வரட்டும், போகட்டும். நம் கையிலுள்ள பாதி எழுதிய நோட்டு நிறையட்டும். அதை என்றோ ஒருநாள் நமக்குப் பின் வரும் ஒருத்தி எடுத்துப் படித்து, "இந்த வாலாட்டி அன்று இந்த நாளில் வந்ததா!" என்று வியக்கட்டும். அதுவே நம் உழைப்புக்குப் போதிய பரிசு.