நாற்றை விற்று வாங்கும் வெற்றி

கிரிக்கெற் ஆட்டத்தைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் நேரம் போக, பல்லாண்டுகளாக மாணவர் குழுக்களுக்குப் பொறுப்பாசிரியனாகவும் இருந்து வருபவன் யான். ஆதலின், விழா மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபொழுது, பழைய மாணவர் கூடுமிடங்களில் அண்மைக் காலமாக அடிபடும் ஒரு யோசனையைப் பற்றியே எழுதத் துணிந்தேன். ஆட்டப் பருவம் ஓய்ந்திருக்கும் மாதங்களில், அனுபவம் வாய்ந்த பந்துவீச்சாளர் இருவரை வேறு பாடசாலைகளிலிருந்து வருவித்து, அதற்கீடாக நம் பதினைந்து வயதுப் பிள்ளைகளுள் இருவர் மூவரை விட்டுக்கொடுத்தால், அடுத்த பெரும் போட்டியை வென்றுவிடலாம் என்பதே அந்த யோசனை. சொல்பவர்கள் கல்லூரியின்பால் உண்மையான அன்புடையவர்கள். ஆயினும், யோசனை தவறானது என்பதே என் முடிபு.

இத்தகைய கொடுக்கல் வாங்கல் உலகிற்குப் புதியதன்று. இந்தியப் பிரிமியர் லீக் போட்டிகளில், ஒரு பருவம் முடிந்து அடுத்த ஏலம் வருமுன் குழுக்கள் தம்முள் வீரரை மாற்றிக்கொள்ள விதி இடமளிக்கின்றது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் டில்லிக் குழு இவ்வாறு செய்த மூன்று பேரங்களை யான் மாணவர்க்கு அடிக்கடி எடுத்துக் காட்டுவதுண்டு. முதலாவதில், பஞ்சாப் குழுவின் தலைவராயிருந்த தமிழ்நாட்டு வீரர் இரவிச்சந்திரன் அஸ்வினைப் பெற்றது. கொடுத்தது ஜகதீச சுசித் என்னும் கன்னட நாட்டு இளம் சுழற்பந்து வீச்சாளரையும் ஒன்றரைக் கோடி ரூபாயையும். அடுத்த பருவத்தில் அஸ்வின் 13 விக்கெற்றுகளை வீழ்த்தினார். டில்லி முதன்முறையாக இறுதியாட்டத்தை எட்டியது. சுசித்தோ பின்னர் பெரும்பெயர் எடுத்தாரல்லர். எனவே இது நல்ல பேரமே. ஆனால் ஏன் நல்லதாயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். சுசித்தைப் போலவே இடக்கையால் சுழற்பந்து வீசும் அக்சர் பட்டேல் அக்குழுவில் ஏற்கனவே நிலைபெற்றிருந்தார். அவ்விளைஞனுக்கு அங்கே முன்னேற வழியே இருக்கவில்லை.

இரண்டாம் பேரத்தில் அஜிங்கியா ரஹானே என்னும் பழுத்த துடுப்பாட்ட வீரருக்காக மயங்க் மார்க்கண்டே, ராகுல் தெவாத்தியா என்னும் இரு இளம் சுழற்பந்து வீச்சாளரை ராஜஸ்தானுக்கு ஈந்தது. ரஹானே அப்பருவத்தில் ஒன்பது ஆட்டங்களில் 113 ஓட்டங்களே எடுத்தார். அவற்றுள் 60 ஓட்டங்கள் மிகவும் வேண்டிய நாளில் வந்தவை என்பதையும் மறைக்கலாகாது. தெவாத்தியாவோ 2020 செப்டெம்பர் 27ஆம் நாள் சார்ஜாவில், பந்தைத் தொடவே திணறி நின்ற நிலையிலிருந்து மீண்டு, கொட்ரெல் வீசிய ஒரே ஓவரில் ஐந்து ஆறுகள் அடித்தார். 224 என்ற இலக்கை ராஜஸ்தான் கடந்தது. பந்துவீச்சாளன் எனக் கணக்கிட்டுக் கொடுத்த பையனிடம் துடுப்பும் இருந்ததைக் கொடுத்தவர் உணர்ந்திலர்!

மூன்றாவது இன்னும் சுவையானது. அதே மாதத்தில் டில்லிக் குழு, நியூசிலாந்தின் ட்ரென்ட் போல்ற் என்னும் தேர்ந்த வேகப்பந்து வீச்சாளரை மும்பைக்கு விட்டுக்கொடுத்தது. அவர் அடுத்த பருவத்தில் 25 விக்கெற்றுகள் எடுத்தார். 2020 நவம்பர் 10ஆம் நாள் துபாயில் நடந்த இறுதியாட்டத்தில், முதற்பந்திலேயே டில்லியின் தொடக்க வீரரை வீழ்த்தி, ஆட்ட நாயகனாகவும் தெரிவானார். இவற்றைக் கொண்டு, தேர்ந்த வீச்சாளர் தேவையில்லை என்று யான் வாதிக்கவில்லை. அவர்களின் அருமை எனக்குத் தெரியும். கொடுப்பது இன்னதென்று அறியாமல் கொடுப்பதையே மறுக்கின்றேன்.

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தில் இவ்வாணிபம் நம்மவர் நினைப்பதைக் காட்டிலும் பன்மடங்கு பெரிது. பந்தெறிபவரே அவ்வாட்டத்திற்கு அச்சாணி. பெரிய குழு ஒவ்வொன்றும் தன் கீழ்ச் சிறு குழுக்களை வைத்து இளைஞரை வளர்க்கின்றது. அவ்வமைப்பை அவர்கள் 'பண்ணை' என்றே வழங்குகின்றனர். குளிர்காலத்தில் பண்ணைப் பயிரைக் கொடுத்துத் தேர்ந்த எறிவாளரை வாங்குவது அங்கே ஆண்டுதோறும் நிகழ்வது. 2016 டிசெம்பரில் பொஸ்ரன் குழு நான்கு இளைஞரைச் சிக்காகோவிற்குக் கொடுத்து கிறிஸ் சேல் என்பவரை வாங்கியது. 2018இல் வெற்றிக் கிண்ணத்தை உறுதிசெய்த கடைசி எறிவை எறிந்தவர் அவரே. இதற்கு மறுபுறமும் உண்டு. 1987 ஓகஸ்டில், பருவம் முடியுமுன்னரே, டிட்ரோயிட் குழு 36 வயதான டொயில் அலெக்சாண்டருக்காக 20 வயது ஜோன் ஸ்மோல்ஸ் என்பவரை அற்லாண்டாவிற்குக் கொடுத்தது. அலெக்சாண்டர் ஒன்பது ஆட்டங்களை வென்று, ஒன்றிலும் தோற்காமல், தம் பிரிவில் அக்குழுவை முதலிடத்தில் நிறுத்தினார். அடுத்த சுற்றில் குழு தோற்றது. அவர் 1989இல் ஓய்ந்தார். ஸ்மோல்ஸோ 2009 வரை எறிந்து, 213 வெற்றிகள் ஈட்டி, 2015இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அவர் டிட்ரோயிட் நகரம் அமைந்த அதே மாநிலத்துப் பிள்ளை.

இன்னொன்று. இந்திய லீக்கில் வீரன் உடன்படாமல் அவனை மாற்ற முடியாது. பேஸ்போலிலோ, பத்தாண்டு ஆடி, கடைசி ஐந்தாண்டை ஒரே குழுவில் கழித்தவரே மாற்றத்தை மறுக்கும் உரிமை பெறுவர். ஒப்பந்தத்தில் தனியே எழுதி வாங்கியிராத இளைஞனுக்கு வாயே இல்லை. நம் பாடசாலைகளில் நடப்பது இவ்விரண்டனுள் எதனை ஒத்தது என்று அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்க்க.

மலையகத்தாராகிய நாம் முத்தையா முரளிதரனை விடுத்து இதனைப் பேச இயலாது. அவர்தம் பாட்டனார் 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். தந்தையார் கண்டியில் பிஸ்கற் தொழிற்சாலை நடத்தியவர். புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவன், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் சொற்கேட்டுப் பதினான்காம் வயதிலே சுழற்பந்திற்கு மாறினான். 1992 ஓகஸ்டில் கெத்தாராம மைதானத்தில் அவுஸ்திரேலியாவிற்கெதிராக ஆடிய முதல் ரெஸ்ற் ஆட்டத்தில், அவர் எடுத்தவை மூன்று விக்கெற்றுகள். கொடுத்தவை 141 ஓட்டங்கள். அன்று வீரரை மாற்றும் சந்தையொன்று இருந்திருப்பின், அந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் அவரைக் கொடுத்து ஓர் அனுபவசாலியை வாங்கியிருப்பாரா இல்லையா? 2008இல் சென்னைக் குழு அவரை 6 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலத்தில் எடுத்தபொழுது அவருக்கு வயது 35. 2010 ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெற்றுடன் விடைபெற்றார். முரளிதரனைப் போல் நூறாண்டிற்கு ஒருவரே வருவர் என்பீர்கள். மெய்தான். ஆனால், பதினைந்து வயதில் அந்த ஒருவர் யாரென்று காட்டும் கருவி எதுவும் இல்லையே.

இனி, என் குற்றத்தையும் சொல்லிவிடுகின்றேன். முன்னர் யான் பணியாற்றிய பாடசாலை ஒன்றில் இதே பேரத்தைச் செய்தோம். பக்கத்து நகரிலிருந்து பதினெட்டு வயது வேகப்பந்து வீச்சாளன் ஒருவன் வந்தான். எங்களிடமிருந்து இடக்கையால் வீசும் தோட்டத்துப் பையன் ஒருவன் போனான். லயத்திற்குச் சென்று தாயாரிடம் பேசி, விடுதி வசதி உண்டு, நல்ல எதிர்காலம் உண்டு என்று இணங்க வைத்தவன் யானே. பையனிடம் தனியே கேட்டேனல்லேன். விடுகைப் பத்திரத்தில் அவன் நன்னடத்தையைப் பற்றி அழகு தமிழில் எழுதியவனும் யானே. அவ்வாண்டுப் போட்டியை வென்றோம். பையனுக்குப் புதிய இடத்தில் ஓராண்டளவும் ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. சாதாரணதரப் பரீட்சைக்கு முன்னரே விடுதியை விட்டுக் கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் துணிக்கடையொன்றில் சேர்ந்துவிட்டான். சில ஆண்டு கழித்துத் தீபாவளிக்கு முதல் நாள் ஹற்றன் பஸ் நிலையத்தில், இரு கையிலும் பொதிகளோடு என்னைக் கண்டு நின்றான். வணங்கிவிட்டு, "அந்த மேட்ச் ஜெயிச்சீங்கதானே சேர்?" என்று கேட்டான். அவன் குரலில் குறை ஏதுமில்லை. அதுவே எனக்குப் பொறுக்கமுடியாததாயிற்று.

தோட்டத்தில் பிறந்தவர்க்கு இதன் சூட்சுமம் விளங்கும். முதிர்ந்த தேயிலை மலையைப் பிடுங்கி, ஏறக்குறைய ஈராண்டு புல் வளர்த்து மண்ணைத் தேற்றி, நாற்று நட்டு, பின்னும் மூன்றாண்டளவு காத்திருந்தே கொழுந்தை ஒழுங்காகக் காணலாம். ஐந்தாண்டில் மாறிப்போகும் துரைக்கு அதில் இலாபம் ஏது? இருக்கும் மரத்தைக் கவ்வாத்துப் பண்ணிக் கிடைத்ததை எடுப்பார். பெரும் போட்டியின் கதையும் அஃதே. முடிவு செய்யும் பொறுப்பாசிரியன் இடமாற்றம் பெற்றுப் போவான். பழைய மாணவர் ஆண்டிற்கு ஒரு முறை வந்து ஆரவாரித்துச் செல்வர். இழப்பைச் சுமப்பவன் எட்டாம் வகுப்பில் இருக்கின்றான்.

அப்படியாயின் ஒருபொழுதும் கொடுக்கலாகாதா? கொடுக்கலாம். நம் குழுவில் அவன் செல்லும் வழியை அவனொத்த வேறொருவன் அடைத்திருந்து, சேரும் இடத்தில் ஆட இடமும் படிக்க வசதியும் உறுதியாகி, அவனும் பெற்றோரும் மனமார இசைந்தால், தடுப்பது சுயநலம். கண்டியிலோ கொழும்பிலோ பெரிய கல்லூரிகள் தரும் புலமைப்பரிசில் பிள்ளைகள் சிலரை உயர்த்தியும் உள்ளது. ஆனால் ஒரு மார்ச் மாதத்துப் போட்டிக்காக, மாற்றுப் பண்டமாக அவனைக் கொடுப்பதற்கு யான் இனி ஒப்பமிடேன்.

பந்துவீச்சு வலுவற்றிருக்கின்றது என்ற முறைப்பாடு உண்மையே. அதற்கு வேறு மருந்து உண்டு. துரைமார் ஆடிய தரவளை, ராதெல்ல மைதானங்களைப் போன்ற புற்றரை நமக்கில்லை. மே முதல் செப்டெம்பர் வரை மழையும் விடுவதில்லை. மண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் இரண்டு வலைகளும் ஒரு கயிற்றுப் பாயும் இருந்தால், அம்மாதங்களிலும் பந்து வீசலாம். தோட்டத்துப் பிள்ளைகள் பயிற்சியில் நில்லாமைக்குக் காரணம் சோம்பலன்று. மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் மலையேறி நடக்க வேண்டும், வயிற்றிலும் ஒன்றுமிராது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பருவத்திற்கான பஸ் கட்டணத்தையும் தேநீர், பணிசுச் செலவையும் கணக்கிட்டு வைத்திருக்கின்றேன். வெளியிலிருந்து வருவிக்க எண்ணும் இருவர்க்கும் ஆகும் விடுதிச் செலவினும் அது குறைவு. கணக்கேடு என்னிடமுண்டு, பழைய மாணவர் எவரும் வந்து பார்வையிடலாம். செவ்வாய், வியாழன் பிற்பகல் இரண்டரை மணிக்கு மைதானத்தில் இருப்பேன். எட்டாம் வகுப்பில் இடக்கையால் வீசும் பிள்ளை இப்பொழுது ஒருவன் இருக்கின்றான். அவனையும் வந்து பாருங்கள்.