மதகடிப் பேச்சு: நயாகராவுக்கும் ஷட்டர் உண்டு

கேள்வி: “என் மகள் கனடாவில், டொரன்டோவில் இருக்கிறாள். வந்தால் நயாகரா பார்க்கலாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். இரண்டு கறவை மாட்டையும் ஒரு ஏக்கர் நிலத்தையும் விட்டுவிட்டு, அருவி பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? நீங்கள் போய் வந்தவர் என்பதால் கேட்கிறேன்.”
- ஒரகடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

போய்விட்டு வாங்க தங்கச்சி. மகளைப் பார்க்கத்தான் போறீங்க, அருவி அதோடு சேர்ந்தது. என் மாடுகளை மச்சான் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தபோது பால் ஒரு லிட்டர் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

டொரன்டோவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். மருமகன் காரில் கூட்டிப் போனார். குற்றாலம் மாதிரி தலையைக் காட்டிக் குளிக்கிற அருவி இல்லை. குதிரை லாடம் மாதிரி வளைந்த பாறையிலிருந்து 180 அடிக்கு மேல் விழுகிறது. படகில் கிட்டே போனால் சிவப்பு மழைக்கோட்டு தருவார்கள். அதைப் போட்டுக்கொண்டும் நான் உள்ளே வரைக்கும் நனைந்தேன்.

இரவு வண்ண விளக்கு பார்த்துக்கொண்டிருந்தோம். “மாமா, பத்து மணிக்கு மேல தண்ணி குறைஞ்சிடும்” என்றார் மருமகன். அருவிக்கு ஆபீஸ் நேரமா என்று சிரித்தேன். விசாரித்தால் நிஜம்தான்.

அருவிக்குச் சற்று மேலே, கனடா கரையிலிருந்து ஆற்றின் பாதி அகலத்துக்கு ஓர் அணை நீண்டிருக்கிறது. அதில் 18 ஷட்டர். நம்ம செம்பரம்பாக்கத்து 19 கண் மதகை விட ஒன்று குறைவு! ஆற்றுத் தண்ணீரில் பெரும்பகுதியைச் சுரங்கவழியாகத் திருப்பி இரண்டு நாடும் மின்சாரம் எடுக்கின்றன. எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு 1950-ல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 8 மணியிலிருந்து இரவு 10 வரைக்கும், அதன்பின் அக்டோபர் கடைசி வரை இரவு 8 வரைக்கும், அருவியில் விநாடிக்கு 1,00,000 கனஅடிக்குக் குறையக் கூடாது. மற்ற நேரமும் குளிர்காலமும் 50,000 கனஅடி. முதலில் அருவிக்கு உரியதை விட வேண்டும். மிச்சத்தைத்தான் இரண்டு நாடும் பாதிப் பாதி பிரித்துக்கொள்கின்றன.

கரையில் நின்று கணக்குப் போட்டேன். நம்ம ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. நயாகராவின் பகல் கணக்கில் திறந்தால் பத்து மணி நேரத்தில் காலி. 2015 டிசம்பர் 1 ராத்திரி நமக்கு மறக்காது. அன்றைக்கு அடையாற்றில் விட்டது 29,000 கனஅடி. அதுக்கே நாங்கள் மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டினோம். அதைப்போல மூன்றரை மடங்கு தண்ணீர் கண் எதிரே விழுகிறது, ஜனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி பார்க்கிறார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மருமகனிடம் சொல்லவில்லை.

தண்ணீரை விட அந்த ஒப்பந்தம்தான் எனக்கு மலைப்பாக இருந்தது. பார்க்க வருகிற ஜனத்துக்காக ஓர் அருவிக்குத் தேதி, மணி, கனஅடி எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம ஏரி இன்றைக்குப் பெரும்பாலும் சென்னையின் குடிதண்ணீருக்கு. அது வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் ஏரிக்கடியில் நிலம் வைத்திருக்கிற எனக்கு, இந்தத் தேதியில் இவ்வளவு என்று ஒரு தாள் கைக்கு வந்ததில்லை. இன்னமும் கரைமேல் ஏறி, தண்ணீர் மட்டத்தைக் கண்ணால் பார்த்துத்தான் நாற்று விடுகிறேன். அடுத்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் இதை மனுவாக எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

போகிற வழியில் இரண்டு பக்கமும் திராட்சை, பீச் தோட்டங்களைப் பாருங்கள். அந்தப் பழ நிலங்களில் நினைத்தபடி வீட்டுமனை போட முடியாதபடி 2005-ல் சட்டம் வந்திருக்கிறது. கல் நட்ட வயல்களையே பார்த்துப் பழகிய நம்ம கண்ணுக்கு அது அருவியை விட அதிசயம்.

அக்டோபருக்குள் போகிற மாதிரி விசாவுக்கு முன்கூட்டியே எழுதிப்போடுங்கள். நவம்பர் வந்தால் பகலிலும் பாதித் தண்ணீர்தான், குளிர் வேறு. ஆசைப்பட்டு திராட்சைக் குச்சியோ விதையோ பையில் போட்டு வந்துவிடாதீர்கள். அனுமதிச் சீட்டும், அங்கே கொடுக்கிற செடி நலச் சான்றும் இல்லாமல் விமான நிலையத்தில் விட மாட்டார்கள். மாட்டைப் பார்க்க வருகிறவரிடம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கறவையை ஒப்படையுங்கள். புதுக் கை பழக மாட்டுக்கும் நாளாகும்.