பதிவுக்குப் பதினைந்து ஆண்டு, பாதுகாப்புக்கு ஏழா?

அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு எக்கோஸ்போர்ட் கார்கள் சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாராகிக் கப்பலேறியவை. அவற்றின் 1.0 லிட்டர் என்ஜினில் ஆயில் பம்பை இயக்கும் பெல்ட்டின் பற்கள் உதிரக்கூடும், அதன் டென்ஷனர் முறியக்கூடும் எனக் கண்டறியப்பட்டது. ஆயில் அழுத்தம் இழந்தால் ஓட்டத்திலேயே என்ஜின் நின்றுவிடும். பிரேக்குக்கான துணைவிசையும் போய்விடும். 2023 டிசம்பரில், ஃபோகஸ் கார்களையும் சேர்த்து, ஏறத்தாழ 1.4 லட்சம் கார்கள் அங்கே திரும்ப அழைக்கப்பட்டன.

இத்தகைய குறை மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் பழைய காரில் தோன்றினால்? குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மத்திய அரசுக்குத் தந்தது. ஆனால், 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகள் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களையே கணக்கில் கொள்கின்றன. அமெரிக்காவில் இலவசமாகச் சரிசெய்து தரும் கடமை 15 ஆண்டுகளுக்கு உண்டு. இங்கே தனியார் காரின் முதல் பதிவும் 15 ஆண்டுகள்தான்; ஆயுட்கால வரியை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடுகிறோம்.

பெல்ட் நாள்பட நாள்பட நலிவது. பழைய காரை வாங்குபவரோ பெரும்பாலும் புதுக் காருக்கு வசதியில்லாதவர். உப்புக்காற்று அடித்தகட்டை அரித்திருப்பதை அவர் குனிந்து பார்த்துவிடலாம். என்ஜினுக்குள் ஆயிலில் நனைந்து ஓடும் பெல்ட்டைப் பார்க்க இயலாது. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையை 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கியதும் பழைய கார்களைக் கொண்டுதான். பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பு என்பது உண்மையே. வடிவமைப்பு அவர் பொறுப்பன்று.

ஏழு ஆண்டு வரம்பைப் பதினைந்தாக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. விதியைத் திருத்தும் ஓர் அறிவிக்கையைச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டால் போதும்.