உத்தியோக மனுவும் நேர்முகப் பேட்டியும்

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். பெண்மக்களும் பட்டம் பெற்றுக் காரியாலயங்களில் சரிக்குச் சரியாக அமர்ந்திருக்கும் இக்காலத்தில், அந்தப் பழமொழியிலிருந்து 'புருஷ' என்னும் சொல்லை எடுத்துவிடுவதே நியாயம். லட்சணம் யாருக்கு உரியதானாலும், அது கைக்கு வருமுன் தாண்டவேண்டிய வாசற்படிகள் இரண்டு உண்டு. ஒன்று மனு, மற்றொன்று நேர்முகப் பேட்டி. மத்திய சர்க்கார் 2016-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து கீழ்ப்படி உத்தியோகங்களுக்குப் பேட்டியே வேண்டாம் என்று எடுத்துவிட்டது வாஸ்தவந்தான். ஆயினும் மேற்பதவிகளுக்கு அது ஒழியவில்லை. ஐ.ஏ.எஸ். முதலிய பதவிகளுக்கான சிவில் சர்வீஸ் பரீட்சையில் மொத்தம் 2,025 மார்க்கில் 275 மார்க் பேட்டிக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. தனியார் கம்பெனிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு ஒரு பாக்கியம் உண்டு. நம்மிடம் படித்துப் போன பிள்ளைகள், பட்டம் வாங்கிய பிறகும் நம்மை மறப்பதில்லை. "ஸார், இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்" என்று இரண்டு காகிதங்களை நீட்டுவார்கள். அவைதாம் 'பயோடேட்டா' என்று வழங்கும் சுயவிவரக் குறிப்பு. பிரித்துப் பார்த்தால் தகப்பனார் பெயர், அவருடைய உத்தியோகம், மதம், பிறந்த தேதி, விவாகம் ஆயிற்றா இல்லையா, தெரிந்த பாஷைகள், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்டல் என்று வரிசையாக இருக்கும். விவாகத்துக்கு அனுப்பும் ஜாதகத்துக்கும் இதற்கும் ராசிக் கட்டம் ஒன்றுதான் வித்தியாசம்! இந்தப் பிள்ளையால் என்ன செய்ய முடியும் என்ற ஒரு விஷயத்தை மட்டும் அதில் தேடித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடன் வாங்கியும், நகையை அடகு வைத்தும் படிக்க வைத்த பெற்றோர் நம் நாட்டில் அநேகம் பேர். அத்தனை பாடுபட்டுப் பெற்ற படிப்பு, அதை எடுத்துச் சொல்லத் தெரியாத ஒரே காரணத்தால் வாசலிலேயே நின்றுவிடுமானால் அதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. ஆகையால் முதலில் ஒன்றை மனத்தில் நிறுத்திக் கொள்வோம். மனு என்பது நம்முடைய சுயசரிதை அன்று. பிறர் ஒருவருக்கு ஒரு தேவை இருக்கிறது. அந்தத் தேவைக்கு நாம் சொல்லும் பதிலே மனு.

இதற்கு ஓர் உத்தமமான உதாரணம் நம் சென்னப் பட்டணத்திலேயே இருக்கிறது. 1912-ஆம் வருஷம் பிப்ரவரி 9-ஆம் தேதி, சென்னைத் துறைமுக டிரஸ்டின் தலைமைக் கணக்கருக்கு ஓர் இளைஞர் குமாஸ்தா வேலை கேட்டு மனு எழுதினார். நாலைந்து வாக்கியங்களுக்குமேல் அதில் இல்லை. தங்கள் காரியாலயத்தில் ஒரு குமாஸ்தா ஸ்தானம் காலியாக இருப்பதாக அறிகிறேன், மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எப்.ஏ. வரை படித்தேன், சில அசந்தர்ப்பங்களால் மேலே படிக்க முடியவில்லை, ஆனால் அதுமுதல் என் காலம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருகிறேன், வேலை கிடைத்தால் அதைச் சரிவரச் செய்வேன் என்ற நம்பிக்கை உண்டு. விஷயம் இவ்வளவே. கூடவே, ராஜதானிக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபார்சுக் கடிதம் ஒன்றும் இருந்தது. அந்த இளைஞரின் பெயர் ஸ்ரீநிவாஸ ராமானுஜன். மார்ச் முதல் தேதி, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் அமர்ந்தார்.

இந்த மனுவை நிதானமாகப் பார்த்தால் பாடங்கள் பல தெரியும். எப்.ஏ. பரீட்சையில் அவர் தேறவில்லை. ஆகவே 'தேறினேன்' என்று அவர் எழுதவில்லை. 'படித்தேன்' என்றுதான் எழுதினார். படிப்பு நின்றுபோன இடைவெளியை மறைக்கவும் இல்லை; அதற்காகப் பக்கம் பக்கமாகப் புலம்பவும் இல்லை. ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டார். அடுத்த வாக்கியத்திலேயே அந்தக் காலத்தை எவ்விதம் பயன்படுத்தினார் என்று சொல்லிவிட்டார். தேக அசௌக்கியத்தினாலோ, வீட்டுப் பொறுப்பினாலோ, பிரசவத்தினாலோ இரண்டொரு வருஷம் இடைவெளி விழுந்தவர்கள் இன்று எத்தனையோ பேர். அவர்கள் பின்பற்ற வேண்டிய முறை இதுவேயாகும்.

அதே ராமானுஜன் மறு வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் வேறு விதமானது. துறைமுக டிரஸ்டில் குமாஸ்தாவாக இருக்கிறேன், சர்வகலாசாலைப் படிப்பு கிடையாது என்பவற்றை முதலிலேயே சொல்லிவிட்டு, தாம் கண்ட கணித முடிவுகளைப் பக்கம் பக்கமாக எழுதி இணைத்தார். குமாஸ்தா வேலைக்குத் தேவையானது நம்பகம். ஹார்டிக்குத் தேவையானது கணிதம். ஆள் ஒருவர்தான், உண்மையும் ஒன்றுதான். ஆனால் கேட்பவர் வேறானபடியால் சொல்லும் விஷயமும் வேறாயிற்று. ஒரே குறிப்பை நூறு பிரதி எடுத்து நூறு கம்பெனிகளுக்கு அனுப்பிவிட்டு, பதில் வரவில்லையே என்று ஏங்குகிறவர்கள் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்பதற்கு இத்தாலி தேசத்திலிருந்து ஒரு சான்று காட்டலாம். ஓவிய மேதை லியோனார்டோ டாவின்சி ஏறக்குறைய 1482-ல் மிலான் நகரத்து அதிபதி லுடோவிக்கோ ஸ்போர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய மனுவின் நகல் இன்றும் இருக்கிறது. எண் போட்டுப் பத்து விஷயங்களைக் கூறுகிறார். எளிதில் தூக்கிச் செல்லும் பாலம், கோட்டையைத் தகர்க்கும் உபாயம், பீரங்கி, மூடிய யுத்த ரதம் என்று எல்லாம் போர்க் கருவிகளே. சமாதான காலத்துக் கட்டட வேலை பத்தாவது. சிற்பமும் ஓவியமும் அதற்கும் பின்னால்தான் வருகின்றன! அதிபதிக்கு அப்போது கவலை போரைப் பற்றியது என்று அவருக்குத் தெரியும். இவற்றுள் எதிலேனும் சந்தேகமிருந்தால் நேரில் செய்து காட்டுகிறேன் என்றும் முடிவில் எழுதினார்.

இனி, காரியத்துக்கு வருவோம். புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு ஒரு பக்கம் போதும். பல வருஷ அனுபவம் உள்ளவருக்கு இரண்டு பக்கம். விளம்பரத்தை மூன்று முறை படித்து, அதில் கேட்ட யோக்கியதைகளில் நம்மிடம் மெய்யாக இருப்பவற்றை விளம்பரத்தில் உள்ள சொற்களாலேயே எழுத வேண்டும். பெரிய கம்பெனிகள் பலவற்றில் மனுக்களை முதலில் சலித்துக் கொடுப்பது கம்ப்யூட்டர்தான். அதற்கு அலங்கார எழுத்தும் பூக்கோலமும் புரியா. "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவன்" என்று நமக்கு நாமே சூட்டிக்கொள்ளும் பட்டங்களால் பிரயோஜனமில்லை. "கல்லூரி விழாவுக்கு 40,000 ரூபாய் வசூலித்துக் கணக்கு ஒப்புவித்தேன்" என்ற ஒரு வரி அந்தப் பட்டங்கள் அத்தனையையும் தானே சொல்லிவிடும். தகப்பனார் கடையில் விடுமுறை தோறும் கணக்குப் பார்த்ததும், அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் அனுபவங்களே. அவற்றைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பத்தாம் வகுப்பு மார்க் பட்டியலில் இனிஷியல் பின்னால் இருக்கும். ஆதாரில் முன்னால் இருக்கும். பாஸ்போர்ட்டிலோ அது விரிந்து தகப்பனார் பெயராகவே நிற்கும். வேலை கிடைத்த பிறகு இதனால் அலைந்தவர்கள் உண்டு. பத்தாம் வகுப்பு மார்க் பட்டியலில் உள்ளபடியே எங்கும் எழுதுவதும், மாறுபாடு இருந்தால் முன்கூட்டியே திருத்திக் கொள்வதும் நலம்.

மதம், ஜாதி, தகப்பனாரின் தொழில், விவாக விவரம் ஆகியவற்றைத் தனியார் கம்பெனி மனுவில் நாமாக எழுத வேண்டியதே இல்லை. இதை நாம் வெறும் நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. ஸுகதேவ் தோரட், பால் அட்வெல் என்னும் இரு அறிஞர்கள் 2007-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, 4,800-க்கு மேற்பட்ட மனுக்களை அனுப்பிப் பார்த்தார்கள். சமமான யோக்கியதை உள்ள மனுக்களில் வித்தியாசம் பெயரில் மட்டுமே. தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் கொண்ட மனுக்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்புக் குறைந்தே இருந்தது. படித்த காரியாலயங்களிலும் இந்த அநீதி இருக்கிறதென்றால், நாமாகவே அதற்கு மேலும் தீனி போடுவானேன்? பெயரை மறைக்க வேண்டும் என்பதல்ல. பெயர் நம் பெருமை. மனுவை வாங்கும் எஜமானர்களும் இந்த வார்த்தையைக் கவனிப்பார்களாக. சர்க்கார் மனுக்களின் சங்கதி வேறு. இட ஒதுக்கீட்டுக்காக அங்கே கேட்கும் விவரம் நம் உரிமை. அதைச் சர்ட்டிபிகேட்டுடன் தவறாமல் கொடுக்க வேண்டும்.

நிற்க. பேட்டிக்கு வருவோம். பேட்டி என்றால் அதிர்ஷ்டம் என்று நினைப்பவர் பலர். ஷ்மிட், ஹண்டர் என்னும் மனோதத்துவ நிபுணர்கள் 85 வருஷத்து ஆராய்ச்சிகளைத் திரட்டி 1998-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மனம் போனபடி பேசிப் பார்க்கும் பேட்டியைவிட, எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்கும் பேட்டியே ஒருவர் வேலையை எப்படிச் செய்வார் என்பதை நன்றாகக் காட்டுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவுகளில் ஒன்று. 2022-ல் ஸாக்கெட் என்பவரும் அவருடைய சகாக்களும் கணக்குகளை மறுபடி பரிசீலித்தபோது, அத்தகைய பேட்டிக்கே முதலிடம் கிடைத்தது. ஆகவே "இவ்வித சங்கடம் வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்ற மாதிரிக் கேள்விகள் இப்போது அதிகமாக வருகின்றன. அதிர்ஷ்டத்துக்கு இதில் இடம் குறைவு. ஆயத்தத்துக்கு இடம் அதிகம்.

ஆயத்தம் எப்படி? நம் வாழ்க்கையிலிருந்து ஐந்தாறு சம்பவங்களைப் பொறுக்கி எடுத்துக் கொள்ள வேண்டும். என்ன சங்கடம் நேர்ந்தது, நாம் என்ன செய்தோம், என்ன பலன் விளைந்தது என்று ஒவ்வொன்றையும் இரண்டு நிமிஷத்தில் சொல்லப் பழக வேண்டும். மனப்பாடம் உதவாது, ஒரு சொல் மறந்தால் முழுவதும் மறந்துவிடும். வீட்டில் தாயார், தமக்கை முன்பாக உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதே சிறந்த அப்பியாசம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்கள். பிறந்த ஊரில் ஆரம்பித்தால் வேலையை வந்தடையப் பொழுது விடிந்துவிடும். படிப்பு ஒரு வாக்கியம், செய்த காரியம் இரண்டு வாக்கியம், இந்த வேலையை நாடிய காரணம் ஒரு வாக்கியம், அவ்வளவு போதும். கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்பதையாவது முன்னால் அறிந்து கொள்ள வேண்டும். "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால் தலையை ஆட்டி எழுந்துவிடாமல், முதல் ஆறு மாதத்தில் எங்களிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கலாம்.

இங்கிலீஷைக் கண்டு நடுங்க வேண்டாம். கேள்வி விளங்காவிட்டால், தயவு செய்து மறுபடி சொல்லுங்கள் என்று கேட்பதில் குற்றமில்லை. சிறு சிறு வாக்கியமாக, நிதானமாகப் பேசினால் இலக்கணப் பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். வேகமாக உளறுவதைப் பொறுக்க மாட்டார்கள். தெரியாததைத் 'தெரியாது' என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். மனுவில் எழுதிய ஒவ்வொரு வரியும் பேட்டியில் ஒரு கேள்வியாகத் திரும்பி வரும். பொய்யாக எழுதிய வரி, நாற்காலியில் நாமே வைத்த முள். கம்ப்யூட்டர் திரையில் நடக்கும் பேட்டியானால், வெளிச்சம் முகத்தில் விழுகிறதா, குரல் கேட்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அரை மணி நேரம் வீட்டில் மிக்ஸியை ஓட்டாமலிருப்பது குடும்பத்தார் செய்யும் பேருபகாரம்.

குடும்பத்தார் செய்யக்கூடிய உபகாரம் இன்னும் பெரிதாக ஒன்று உண்டு. ஹார்டிக்கு எழுதுமுன் ராமானுஜன் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கும் எழுதினார். அவர்களிடமிருந்து ஆதரவு கிடைக்கவில்லை. மூன்றாவது கடிதந்தான் 1914-ல் அவரைக் கப்பலேற்றியது. ஒரு காரியாலயம் வேண்டாம் என்று சொன்னால், அன்றைக்கு அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்தார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். பிள்ளை உதவாதவன், பெண் உதவாதவள் என்று அர்த்தமல்ல. ஆனால் பேட்டி முடிந்து வீடு திரும்பியவுடன் "கிடைக்குமா?" என்று நாலு பேர் நாலு பக்கத்திலிருந்தும் கேட்டால், கிடைக்காத வேலை குற்றமாகவே மாறிவிடுகிறது. அடுத்த பேட்டிக்குப் போகவே கால் எழும்பாது. அதற்குப் பதிலாக, கை கால் கழுவிச் சாப்பிட்டு முடித்த பிறகு, "என்ன கேட்டார்கள்?" என்று ஒருவர் கேட்கட்டும். கேட்ட கேள்விகளையும், சொன்ன பதில்களையும், சொல்ல மறந்தவற்றையும் அன்றிரவே ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைக்கட்டும். நாலு பேட்டிக்குப் பிறகு அந்த நோட்டுப் புஸ்தகத்தைவிட நல்ல ஆசிரியர் வேறொருவர் இருக்க மாட்டார்.