மாணவர் காணாத ஒரு பக்கம்

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் பிளஸ் டூ ஆங்கிலப் பரீட்சை எழுதுவதற்காக ஏழெட்டு லட்சம் மாணவ மாணவியர் ஹால் டிக்கெட்டும் கையுமாகப் பள்ளி வாசல்களில் காத்து நிற்கையில், பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பாஷையைக் கற்ற பிள்ளை அந்தப் பாஷையில் அச்சான ஒரு பக்கத்தைத் தானாகப் படித்துப் பொருள் காணுமா, தன் மனத்தில் உள்ளதை அதில் நாலு வாக்கியங்களாக எழுதுமா, அதில் அமைந்த ஒரு கவிதையோ கதையோ அதன் நெஞ்சைத் தொடுமா என்கிற மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பரீட்சையில் விடை கிடைத்துவிடும் என்றுதான் பெற்றோரும் பொதுமக்களும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை நிறைவேறுகிறதா என்று நிதானமாக யோசித்துப் பார்த்தால், அங்கே பெரிதும் அளக்கப்படுவது ஞாபகசக்திதான் என்கிற முடிவுக்கே நான் வர வேண்டியிருக்கிறது. வாசிப்பு, எழுத்து, இலக்கிய ரசனை ஆகிய மூன்றும் தனித்தனிச் சக்திகள்; அவற்றைத் தனித்தனியாக, மாணவர் முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்துச் சோதித்தாலொழிய, மதிப்பெண் சான்றிதழில் ஆங்கிலத்துக்கு நேரே அச்சாகும் எண்ணிலிருந்து நாம் தெரிந்துகொள்ளக் கூடியது மிகச் சொற்பமே.

வினாத்தாளின் அமைப்பை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. அவற்றை அடுத்து இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் பகுதிகள் ஒவ்வொன்றிலும் ஏழு வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். ஆகமொத்தம் 90, அகமதிப்பீட்டுக்கு 10. முன்பு இரண்டு தாள்களாக இருந்த பரீட்சை 2018-19 முதல் ஒரே தாளாகச் சுருங்கியதில் மாணவரின் பாரம் குறைந்தது நல்லதே. வினாக்களின் சுபாவம் மட்டும் மாறவில்லை. கவிதை வரிகளைக் கொடுத்துக் கேட்கும் வினாக்கள், உரைநடைக் குறுவினாக்கள், பத்தி அளவில் எழுத வேண்டிய மூன்று பெருவினாக்கள் என ஏறக்குறையப் பாதி மதிப்பெண்கள், ஓராண்டு முழுவதும் வகுப்பில் ஓதி ஓதித் தேய்ந்த பாடங்களிலிருந்தே வருகின்றன. எஞ்சியவற்றில் பெரும்பகுதி இலக்கணத்துக்கும், முகவரியை எங்கே எழுதுவது, கையொப்பத்தை எங்கே இடுவது என்பது போன்ற கடித அமைப்புக்கும் போய்விட, பாடத்துக்குப் புறம்பான ஒரு பகுதியைப் படித்துப் பொருள் அறியும் வேலைக்கு ஒரு சிறு மூலைதான் மிஞ்சுகிறது.

பாடநூலைக் குறை கூற எனக்கு மனமில்லை. தோரு தத்தும் டென்னிசனும் எட்வின் மியூரும் எழுதிய கவிதைகள், தேநீர் தயாரிப்பதைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய கட்டுரை, எவரெஸ்ட் சிகரம் தொட்ட ஹிலாரியின் அனுபவம், டால்ஸ்டாயின் சிறுகதை ஆகியவற்றோடு நம் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி'யும் ஆங்கில உருவில் இடம்பெற்றிருக்கும் அந்த நூல், பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு எந்த நாட்டிலும் கொடுக்கத் தகுந்தது. இத்தனை நல்ல பாடங்களை வைத்துக்கொண்டு எப்படிப்பட்ட வினாக்களைக் கேட்கிறோம் என்பதில்தான் என் மனத்தாங்கல்.

இடஞ்சுட்டிப் பொருள் விளக்கும் வினாவை உதாரணமாகக் கொள்வோம். கல்கத்தாவில் பிறந்து, 1877இல் இருபத்தொரு வயதிலேயே மறைந்த தோரு தத், சவுக்கு மரம் ஒன்றைப் பற்றிப் பாடிய கவிதை, தன்னோடு அம்மரத்தடியில் விளையாடி அகாலத்தில் மரித்துப்போன உடன்பிறப்புகளின் நினைவைத் தாங்கி நிற்பது. அதிலிருந்து ஓரடியைக் கொடுத்து விளக்கச் சொன்னால், இந்த அடி இன்ன கவிதையில் வருகிறது, இயற்றியவர் இன்னார் என்று ஒரு வாக்கியம், சூழல் இன்னது என்று ஒரு வாக்கியம், விளக்கம் என்ற பெயரில் அந்த அடியையே வேறு சொற்களில் திருப்பி ஒரு வாக்கியம் என எழுதி முடிக்க மாணவர்கள் பழக்கப்பட்டிருக்கிறார்கள். மதிப்பெண்ணும் இந்த மூன்றுக்கும் பகிர்ந்தே கிடைக்கிறது. மரத்தை நேசித்ததற்கு மரத்தின் அழகு மட்டும் காரணமன்று என்பதை அந்தப் பிள்ளை உணர்ந்ததா இல்லையா என்பது விடைத்தாளில் எங்குமே தெரிய வராது. அச்சில் வந்த நோட்ஸைப் பார்த்து ஒப்பித்தவனும், ஓர் இரவு தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அக்கவிதையைப் படித்துக் கண் கலங்கியவனும் அங்கே சமமாகிவிடுகிறார்கள்; பின்னவன் கவிஞரின் பெயரை எழுத மறந்துவிட்டால் ஒரு மதிப்பெண் கீழேயும் போகிறான்.

கரிசல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவியிடம், 'நாற்காலி' பாடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கொஞ்சம் சொல்லும்படி ஒருமுறை கேட்டேன். முன்னுரையில் தொடங்கித் தலைப்புத் தலைப்பாக அவள் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் ஒரு சொல் நினைவுக்கு வராமல் போகவே, அங்கிருந்து முன்னேற முடியாமல் மறுபடியும் முதல் வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தாள். நான் தடுத்து, "அது கிடக்கட்டும்மா. அந்த நாற்காலியை ஊர்க்காரங்க எதுக்காகக் கேட்டு வந்தாங்க, அதைத் தமிழ்லயே சொல்லு" என்றேன். அவள் முகம் தெளிந்தது. "எங்க ஊர்லயும் அந்தப் பழக்கம் உண்டு சார். செத்தவங்களை உட்கார வெச்சு மாலை போட்டுத்தான் எடுப்பாங்க. எங்க ஆச்சியை உட்கார வெச்ச நாற்காலி இன்னும் வீட்ல கிடக்கு, நான் அதுல உட்கார மாட்டேன். கதையில அந்தப் பிள்ளைங்க பயந்தது எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள்.

கதையின் உயிர்நிலையை அந்தப் பெண் எட்டிப் பிடித்துவிட்டாள். ஊரிலே அதிசயப் பொருளாக வந்து, பிள்ளைகள் போட்டி போட்டு ஏறி அமர்ந்த ஆசனம், இறந்தவருக்கு உரியதாக மாறிய பின் அதே பிள்ளைகளை அச்சுறுத்தியதிலே இருக்கும் துயரத்தையும் சிரிப்பையும் அவள் தன் வீட்டு முற்றத்திலேயே கண்டிருக்கிறாள். இலக்கியக் கல்வியின் பலன் வேறென்ன? இருந்தும் பரீட்சை மண்டபத்தில் அவள் அந்த அறிவைத் தாளில் வைக்க ஓர் அங்குல இடமும் கிடையாது. ஒப்பித்த பத்தியில் மறந்துபோன அந்த ஒரு சொல்லுக்காக அவள் தண்டிக்கப்படுவாள்.

இந்த நோய் நேற்று வந்ததன்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிப் பிரவேசப் பரீட்சை நடத்தத் தொடங்கிய நாள்முதலே, பரீட்சையில் எது கேட்கப்படுமோ அதுவே பாடம் என்கிற வழக்கம் நம் பள்ளிகளில் வேரோடி விட்டது. அதை உடைக்க முயன்றவர்களும் இந்த மண்ணிலேயே உழைத்திருக்கிறார்கள். டாக்கா ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளை ஆராய்ந்து 1926இல் வெளியிட்ட நூலில், அவர்களுக்கு முதன்மையாகத் தேவைப்படுவது ஆங்கிலத்தைத் தாமே வாசித்துப் பொருள் அறியும் ஆற்றல்தான் என்று வாதாடினார். இன்ஷ்யூரன்ஸ் பாலிசியை நடுவில் ஒப்படைத்தாலும் ஒரு தொகை கைக்கு வருவது போல, படிப்பை இடையில் நிறுத்திவிடும் பிள்ளைக்கும் அதுவரை கற்ற பாஷையிலிருந்து ஏதேனும் பிரயோஜனம் மிஞ்ச வேண்டும் என்பது அவருடைய அளவுகோல். பிற்காலத்தில், 1979 முதல் 1984 வரை, என். எஸ். பிரபு பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் பள்ளிகளில் நடத்திய பரிசோதனையில், இலக்கண விதிகளை வரிசையாகப் போதிப்பதை விட்டு, ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் பிள்ளைகள் முன் வைத்து, அவற்றைப் படித்து விடுவிக்க வேண்டிய சிக்கல்களைக் கொடுத்தார். பொருளில் கருத்து ஊன்றியிருக்கும்போதே பாஷை தானாகப் படிகிறது என்பது அவருடைய சித்தாந்தம். உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் இன்றும் எடுத்துப் பேசும் ஒரு முயற்சி நம் கடலூரிலும் நடந்திருக்க, நம் பரீட்சை அதன் பக்கம் திரும்பிப் பார்க்காதது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆகவே வாசிப்பை அளக்க நான் வேண்டுவது இதுதான்: பாடநூலில் இல்லாத, எளியதிலிருந்து கடினமானதுவரை படிப்படியாக ஏறும் மூன்று நான்கு பகுதிகளை வினாத்தாளிலேயே அச்சிட்டு, அவற்றின் பொருளைக் கேட்க வேண்டும். மருந்துப் பெட்டியோடு வரும் விளக்கத்தாள், வங்கிக் கடனுக்கான நிபந்தனைகள், செய்தித்தாளின் ஒரு பத்தி, விஞ்ஞானக் கட்டுரையின் ஒரு பக்கம் என்று அவை அமையலாம். இன்னும் ஒரு படி மேலே போய், அந்த விடைகளில் ஒரு பகுதியைத் தமிழில் எழுத அனுமதிக்க வேண்டும் என்றும் சொல்வேன். இதைக் கேட்டு ஆங்கில ஆசிரியர்கள் சிலர் திடுக்கிடலாம். ஆயினும், படித்துப் பொருள் அறிந்தானா என்று சோதிக்கும்போது, அறிந்ததை ஆங்கிலத்திலேயே எழுதியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், வாசிப்பில் வல்லவனாக இருந்து எழுத்தில் தடுமாறுகிறவன் இரண்டிலும் தோற்றவனாகவே கணக்கில் ஏறுகிறான். எந்த இடத்தில் அவனுக்கு உதவி தேவை என்பது ஆசிரியருக்கும் தெரியாமல் போகிறது. எழுத்தைச் சோதிக்க வேறு வினா இருக்கிறது. அதை அங்கே சோதிப்போம். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில், 80 மதிப்பெண் தாளில் 22 மதிப்பெண்களை முன்பின் படித்திராத பகுதிகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் நம் கல்வித் துறை கவனிக்க வேண்டும்.

இலக்கிய ரசனையை அளப்பது இதைவிடக் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்து, பதின்மூன்று கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டு, அந்த விடைகளை 1929இல் நூலாக வெளியிட்டபோது, ஜான் டன், ஹாப்கின்ஸ் முதலானோரின் கவிதைகளையே தேர்ந்த மாணவர்கள் பலர் பிழைபடப் புரிந்துகொண்டது அம்பலமாயிற்று. பெயர் தெரிந்தவுடன் எழும் பக்தியும், பிறர் சொல்லிக் கொடுத்த பாராட்டும், தானாகப் படிக்கும் பழக்கத்துக்கு ஒருபோதும் ஈடாவதில்லை என்பதற்கு அந்நூலைவிட நல்ல சாட்சியம் இல்லை. நம் பிள்ளைகளிடம் டன்னைக் கொடுக்க வேண்டாம்; எளிய சொற்களில் அமைந்த பதினைந்து அடிக் கவிதை ஒன்றைப் பெயரின்றி அச்சிட்டு, இதில் உனக்குப் பிடித்தது எது, ஏன் என்று கேட்டால் போதும். பாடநூல் கவிதையைக் கேட்பதானாலும் அதை முழுமையாக வினாத்தாளிலேயே அச்சிட்டுவிட்டால், கவிதையை ஞாபகத்தில் தேடும் வேலை ஒழிந்து, அதைப் பற்றி யோசிக்கும் வேலை ஆரம்பமாகும்.

இப்படிப்பட்ட விடைகளை ஒரே சீராகத் திருத்த முடியாதே என்பதுதான் திருத்தும் மையங்களில் அமர்ந்து உழைத்தவர்களின் ஆட்சேபம். அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னபோது, ஐம்பதை ஒட்டியும் தொண்ணூற்றைந்துக்கு மேலும் ஒரே தாளுக்கு மதிப்பெண்கள் விழுந்தன. இந்த அச்சத்தினாலேயே, விடைக்குறிப்பில் உள்ள சொல் தாளில் இருக்கிறதா என்று பார்த்து டிக் செய்யும் முறை நம்மிடையே நிலைபெற்றது. ஆனால் நியாயத்தைக் காப்பாற்றுவதற்காக, அளக்க வேண்டிய பொருளையே கைவிட்டுவிடலாகாது. திருத்தம் தொடங்கும் முன் நல்லதும் நடுத்தரமும் குறைபாடுள்ளதுமான மாதிரி விடைகளை எல்லா ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்து வாசித்து அளவைத் தீர்மானித்துக்கொள்வதும், சொந்த நடையில் எழுதும் ஒரே ஒரு பெருவினாவையாவது இரண்டு பேர் தனித்தனியே திருத்துவதும் செலவு பிடிக்கும் காரியங்கள்தாம். ஒரு தலைமுறையின் படிப்பு அந்தச் செலவுக்குத் தகுதியானது.

வீட்டில் எழுத்தறிந்தவரே இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகளை இந்த மாற்றம் தோற்கடித்துவிடாதா என்று பரிவோடு கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய பரிவு எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை இன்று அர்த்தம் தெரியாத ஓசைகளை மனப்பாடம் செய்து 35 வாங்கித் தேறி, பிறகு பொறியியல் கல்லூரியில் முதல் பாடப் புத்தகத்தைத் திறக்கும்போது அதன் முதல் பக்கமே திறவாத கதவாக நிற்கையில், அவனுக்கு யார் துணை? நகரத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலப் பத்திரிகை வாசலில் விழுகிறது. பரீட்சை வாசிப்பைக் கேட்காவிட்டாலும் அவன் வாசிக்கக் கற்றுவிடுவான். கிராமத்துப் பிள்ளைக்கு வாசிப்பைக் கற்றுத்தரப் பள்ளி ஒன்றைத் தவிர வேறு இடமில்லை. பள்ளியோ பரீட்சை கேட்பதைத்தான் கற்றுத்தருகிறது. தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண்கள் எளிய பகுதிகளிலிருந்தே கிடைக்கும்படி தாளை அமைத்துவிட்டால் அந்தப் பிள்ளை தோற்கவும் மாட்டான்.

திடீரென்று மாற்றி யாரையும் கலங்க அடிக்க வேண்டியதில்லை. இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் பிளஸ் டூ எழுதும் பரீட்சையிலிருந்து இந்த முறை நடைமுறைக்கு வரும் என்று முன்கூட்டியே அறிவித்து, ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி அளித்து, அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்களில் பாதியைப் பள்ளி நூலகத்திலிருந்து மாணவர் தாமே எடுத்துப் படித்த ஆங்கில நூலைப் பற்றிய உரையாடலுக்கு இப்போதே ஒதுக்கிவிடலாம். மாதிரி வினாத்தாள்களைப் பத்தாம் வகுப்புப் பாடநூலோடு சேர்த்து, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.