கண்ணாடித்தாளின் கதை

இனிப்புப் பண்டங்களைப் பொதிந்துவரும் கண்ணாடித்தாளைச் சிறுவர்கள் கசக்கி ஓசையெழுப்பி மகிழ்வர். இன்று கடைகளிற் காணப்படும் அத்தகைய தாள்களிற் பெரும்பாலானவை பெற்றோலியத்திலிருந்து பிறந்தவை. முதன்முதல் தோன்றிய கண்ணாடித்தாளோ மரத்திலிருந்து பிறந்தது என்பதை நம்மிற் பலர் அறியார்.

மரத்துக்கு வலிமை தருவது செலுலோசு என்னும் பொருள். 1838ஆம் ஆண்டிலே பிரெஞ்சு இரசாயன அறிஞர் அன்செல்ம் பாயென் அதனைப் பிரித்தறிந்தார். அது நீரிற் கரையாது; சூடாக்கினால் உருகாமற் கருகிவிடும். எனவே, அதனைத் தாளாகவோ நூலாகவோ ஆக்க வேண்டுமாயின், முதலிற் கரைக்கும் வழி காணல் வேண்டும். 1892ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த குறொஸ், பெவன், பீடில் என்னும் மூவர் அவ்வழியைக் கண்டனர். எரிசோடாவும் காபனிருசல்பைட்டும் சேர்ந்தபோது செலுலோசு பாகாயிற்று. அப்பாகு அமிலத்திற் பட்டதும் மீண்டும் செலுலோசாகத் திரண்டது.

சுவிற்சர்லாந்து நாட்டவரான ஜாக் பிராண்டன்பேர்கர், உணவுச்சாலையொன்றில் மேசைவிரிப்பின்மீது மது சிந்தியதைக் கண்டு, கறைபடியாத துணி செய்ய விரும்பினார் என்பர். துணிமீது இப்பாகைப் பூசினார். துணி விறைத்துப் பயனற்றுப் போயிற்று. பூச்சோ தெளிந்த தாளாகத் தனியே உரிந்து வந்தது. அதுவே செலோபேன். 1927ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபொன்ற் நிறுவனத்தில் ஈரம் புகாத பூச்சும் காணப்படவே, அது உணவுப்பொருள்களின் போர்வையாயிற்று. 1960களின் பின்னர், எண்ணெயிலிருந்து மலிவாகச் செய்யப்பட்ட பொலிபுறொப்பிலீன் தாள் அதன் இடத்தைப் பெரிதும் கைப்பற்றியது.

செலோபேன் மண்ணிலே நுண்ணுயிர்களுக்கு இரையாகி மக்கும். அதன் இடத்தைப் பிடித்த தாளோ நெடுங்காலம் அழியாது கிடக்கும். ஆகவே இன்று உலகம் மீண்டும் மரத்தை நாடுகின்றது. அது நன்றே. ஆயினும், பழைய கதையின் மறுபக்கத்தை மறத்தலாகாது. காபனிருசல்பைட்டு ஆவியைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர் பலர் நரம்புத் தளர்ச்சிக்கும் மனப்பேதலிப்புக்கும் ஆளாயினர். அமெரிக்க மருத்துவ அறிஞர் அலிஸ் ஹமில்ற்றன் 1940ஆம் ஆண்டு வெளியான தமது அறிக்கையில் இத்துயரை எடுத்துரைத்தார். மரம் தீங்கற்றது; அதனைக் கரைத்த திரவமே நஞ்சாயிற்று.

இந்நஞ்சின்றியும் செலுலோசைக் கரைக்கலாம். 1990களில் வணிக அளவில் வளர்ந்த லயோசெல் நூல் இதற்குச் சான்று. அங்கே பயன்படும் கரைப்பானில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் மீட்கப்பட்டு மீண்டும் உதவுகின்றது.

ஆதலின், “மரத்தாற் செய்தது” என்னும் முத்திரையைக் கண்ட மாத்திரத்தே மனநிறைவு கொள்ளாதீர்கள். அது எதனாற் கரைக்கப்பட்டது? ஈரம் புகாதிருக்க மேலே பூசப்பட்டது எண்ணெயிற் பிறந்த பொருளா? இவ்வினாக்களை எழுப்பும் பழக்கம் மாணவர்களிடத்தே வளர்தல் வேண்டும். மண்ணுக்கு நன்மை செய்யும் பொருள், அதனை ஆக்கும் மனிதனுக்கும் நன்மை செய்வதாக இருக்கவேண்டுமன்றோ!